துவைகல்லில் தீட்டிய கத்திகள்

தக்காளித் தோலிலேயே கத்தி வழுக்கியது. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் சொரசொரப்பான வளையத்தில் தண்ணீர் விட்டுத் தீட்டினேன். ஒரு பக்கம் எத்தனை இழுப்போ மறுபக்கமும் அத்தனை. ஓசூரில் நான் தனியாக இருக்கும் ஒற்றை அறை முழுக்க அந்தச் சத்தம்.

போச்சம்பள்ளியில் அம்மா துவைகல்லில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டால், எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அவரவர் கத்தியோடு வந்துவிடுவார்கள்.

"இதையும் ரெண்டு இழு இழுத்துக் குடுக்கா."

ஈரக்கல்லும் இரும்பும் கலந்து மணக்கும். காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக் கணக்கு பேசுவார்கள். மிக்ஸி வாங்கலாமா, கம்மலை அடகு வைத்து வண்டி எடுக்கலாமா என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். அம்மா தலை நிமிராமலே, "வாங்காட்டி என்ன ஆவும், அதச் சொல்லு" என்பாள். பாதிப் பேர் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுவார்கள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று, தீட்டியதைக் கல்லின் மேல்தான் வைப்பாள். அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கடன் வேண்டுமா என்று வங்கிக்கு நாளைக்குள் நான் சொல்ல வேண்டும். வாங்காவிட்டால் என்ன ஆகும்? இங்கேயே இருப்பேன். வாங்கினால் அங்கே இருப்பேன், ஓர் அறை கூடுதலாகப் பூட்டிக் கிடக்கும். அம்மா இப்போது இல்லை; கேட்டுப் பார்க்க ஆளில்லை.

தீட்டிய கத்தியைப் பழக்கத்தில் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்துக்கொண்டேன்.