அக்காவுக்கு ஒரு சான்றிதழ்

எனக்கு வாய் அதிகம் என்பது எங்கள் ஊருக்கே தெரியும். ஞாபகசக்தி அதைவிட அதிகம். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், நிறுத்தாமல் ஒப்பித்துவிடுவேன். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடப் போட்டியில் மூன்று டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டேன். இந்த வாயும் ஞாபகமும் சேர்ந்தால் ஒரு மனுஷியைத் தெருவில் நிறுத்திவிடலாம் என்று அந்த வருஷம் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். என்னைத் தவிர.

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கரும்புக் கொல்லையை ஒட்டி, சின்னதாக ஒரு ஓட்டு வீடு உண்டு. அதில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தாள். அவளுடைய பெண் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தது, லீவுக்குத்தான் வரும். அக்கா காலை ஒன்பது மணி பஸ்ஸில் டவுனுக்குப் போவாள், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவாள். கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தாள். எந்தக் கம்பெனி என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிகளுக்கு இடையே பேச்சுப் போட்டி. தலைப்பு, பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கி முறைப்படுத்த வேண்டுமா, வேண்டாமா. சீட்டு எடுத்ததில் அத்தைக்கு ‘வேண்டும்’ வந்தது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில், காயப்போட்ட மிளகாயைச் சபையாக நினைத்துக்கொண்டு முழங்குவாள். அப்பாவின் செல்போனில் நேரம் பார்த்து, நாலு நிமிஷம் ஆனதும் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவது என் வேலை. அது என்ன தொழில் அத்தை என்று கேட்டேன். “பெரியவங்க சமாச்சாரம். நீ மணிய மட்டும் அடி” என்றாள். சரி, லைசென்ஸ் இல்லாத ஏதோ ஒரு வேலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் மாமாகூட லைசென்ஸ் இல்லாமல்தான் டிராக்டர் ஓட்டுவார்.

“நடுவர் அவர்களே! இருட்டில் இருப்பதால்தான் அந்தப் பெண்களுக்கு அடியும் உதையும். வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பதிவு செய்யுங்கள். புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுங்கள். மாதாமாதம் மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள்!” அத்தை கையை உயர்த்தினால் எனக்குப் புல்லரிக்கும்.

அக்கா தன் துணிகளை எங்கள் மாடியில்தான் காயப்போடுவாள். ஒரு நாள் மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் நின்று கேட்டாள்.

“நல்லாப் பேசறம்மா. ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? அந்த கார்டுல போட்டோ இருக்குமா?”

“இருக்கும்கா. பேரு, விலாசம் எல்லாம் இருக்கும்.”

“அத அந்தப் பொம்பள எங்க வெப்பா? லீவுக்கு வர்ற பொண்ணு அலமாரியத் தொறக்காதா? வூட்டுக்காரரு பாத்தா வூடு குடுப்பாரா? நாளைக்கு வேற வேலைக்குப் போறேன்னா அந்தப் பேர அழிச்சிக் குடுப்பாங்களா? டெஸ்ட்டு எடுக்கணும்ன்றியே, அவளுக்கு மட்டுமா, வர்றவனுக்கும் உண்டா?”

அத்தை உயர்த்திய கையை இறக்கவே இல்லை. எனக்கானால் ஆனந்தம் தாங்கவில்லை. எங்கள் அத்தையை மடக்க ஒரு ஆள்!

“அப்ப இன்னாதான்கா செய்யணும்?” என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

“ஒருத்தன் அடிச்சிட்டான்னு ஸ்டேஷனுக்குப் போனா, அவளயே புடிச்சி உக்கார வெக்காம கம்ப்ளெயிண்ட்ட எழுதிக்கணும். அது போதும். கார்டெல்லாம் வாணாம்” என்றவள், என்னைப் பார்த்துவிட்டு, “டிவில பேசிக்கினாங்க. அதான் கேட்டேன்” என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நாலு நாள் அக்காதான் எங்கள் எதிரணி. அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு எழுதினாள். பழைய பேச்சில் பாதியை அடித்தாள். போட்டியில் போய், சட்டம் வேண்டும் ஆனால் அட்டை வேண்டாம் என்று பேசியிருக்கிறாள். நீ எந்த அணியம்மா என்று நடுவரே குழம்பிப்போய், ஆறுதல் பரிசாக ஒரு சான்றிதழும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்து அனுப்பினார். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, ஹாட் பாக்ஸை நேராகக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள் அத்தை. அது நியாயம்தான் என்று நானும் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கேழ்வரகு அரைக்க மாவு மில்லுக்கு அனுப்பினாள். ஒரே கூட்டம். பெரியப்பாவின் மனைவி, எங்கள் பெரியம்மாவும் வரிசையில் இருந்தாள். சும்மா நிற்க எனக்கு ஆகாதே. அத்தை எப்படிப் பேசினாள், அதை எப்படி மடக்கினார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. திடீரென்று கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது. என் குரல் நிற்கவில்லை.

“வூட்டுக்காரரு பாத்தா வூடு குடுப்பாரா? வர்றவனுக்கும் டெஸ்ட்டு உண்டா?”

அவ்வளவு பேரும் திரும்பினார்கள். பெரியம்மா தேன் ஒழுகக் கேட்டாள்: “இதெல்லாம் யாருடி கண்ணு சொல்லிக் குடுத்தது?”

“எங்க வாடகை வூட்டு அக்கா!” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. “அவங்களுக்கு அதப் பத்தி எல்லாமே தெரியும்!”

அப்புறம் கரண்ட் வரும்வரை அவ்வளவு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேச்சில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, மாவை வாங்கிக்கொண்டு ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார். கூடவே கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா காப்பி கொடுத்தாள்.

“தம்பி, அந்தப் பொம்பளய வர்ற மாசத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிடு. ஊரெல்லாம் பேச்சாப் போச்சி. போலீசு கீலிசுன்னு வந்தா வூட்டுக்காரன் மேலயும் கேஸு பாயும், பாத்துக்கோ” என்றார் பெரியப்பா.

அப்பா தலையைச் சொறிந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அவர் பேசியதே இல்லை. அக்கா வெளியே போக வேண்டியதுதான் என்று எனக்கே புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதற்கா?

அத்தை எழுந்தாள். “பெரியண்ணா, சட்டப்படி பாத்தா ஒரு பொம்பள...”

“நீ போயி அடுப்பப் பாரு, பால் பொங்கிடும்” என்று அம்மா வெட்டினாள். அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும். அத்தை அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“மாமா, அந்தக் கேள்வியெல்லாம் நான் கேட்டது” என்றாள் அம்மா பெரியப்பாவிடம்.

“நீயா?”

“நாந்தான். நாத்தனாரு போட்டிக்குப் பேசிப் பாத்துச்சி. எதிர்த்துப் பேச ஆள் இல்லன்னு நான் நின்னேன். இந்த வாயாடி ஆள மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கு. எட்டாவது படிச்சவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா மாமா?”

பெரியப்பா கேட்கவில்லை. தம்பி பொண்டாட்டியிடம் அதை எப்படிக் கேட்பார்? கமிட்டிக்காரர்களில் ஒருவர் தென்னைமரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! “பொய்! அக்காதான்...” என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. “புள்ளய அடக்கி வையி” என்று சொல்லிவிட்டு, பாதிக் காப்பியோடு பெரியப்பா கிளம்பிவிட்டார். காலி பண்ணுகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா மட்டும் ரொம்ப நாளைக்குக் கோயிலில் அம்மாவை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள். அம்மாவின் அறிவைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அம்மாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதினாலே முட்டி போடவைப்பார்கள். இவள் ஒரு அக்காவின் பெருமையை அப்படியே சுருட்டிக்கொண்டாளே! நானாவது நியாயம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டினேன். அத்தையின் சான்றிதழைப் பார்த்து ஓரத்தில் பூ வரைந்தேன். நடுவில் அக்காவின் படம், பச்சைப் புடவை, பெரிய ஜிமிக்கி. கீழே அவள் முழுப் பெயர். பின் வீடு, குருவிநத்தம் என்று விலாசம். ‘மேற்படி கேள்விகளைக் கேட்டவர் இவரே. அம்மா இல்லை.’ தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சோடா மூடியை மையில் தொட்டு முத்திரையும் வைத்தேன்.

எடுத்துக்கொண்டு போனால் அங்கே அம்மா இருந்தாள். அக்கா மூட்டையாகக் கட்டிவைத்திருந்த பாத்திரங்களை இரண்டு பேருமாக அவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எதற்குக் கட்டினார்கள், எதற்கு அவிழ்க்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. அம்மா போகும்வரை அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்து, பிறகு நீட்டினேன்.

அக்கா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “கம்மல் ரொம்ப நல்லாருக்குடி” என்று சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து என் சான்றிதழிலிருந்து படத்தை மட்டும் வெட்டினாள். சோற்றுப் பருக்கையைத் தடவி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். “பொண்ணு லீவுக்கு வந்து தொறந்தா பாக்கட்டும்” என்றாள். மிச்சத்தை விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

“அதுலதானேக்கா உங்க பேரு இருந்திச்சி!” என்று நான் அழுதேன்.

“ஆமாண்டி கண்ணு” என்று என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஹாட் பாக்ஸைத் திறந்து தோசை வைத்தாள். அழுதுகொண்டே நாலு தின்றேன்.

அக்கா அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தாள். பெண் நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தாள். பெரியம்மாகூட இரண்டு எடுத்துக்கொண்டாள்.

ஆனால் சான்றிதழைக் கொடுத்த அன்றைக்கு, அக்காவின் பெயரில் ஏதோ எழுத்துப் பிழை செய்துவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் எரித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். படம், பெயர், விலாசம், முத்திரை என்று ஒன்று விடாமல் போட்டு, அவள் வேண்டவே வேண்டாம் என்ற அந்த அட்டையை என் கையாலேயே செய்து அவளிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.