செல்லத்துரை அண்ணன் கையில் இருந்த சாவி

செல்லத்துரை அண்ணன் போய்விட்டார்...

காலையில் டீ குடிக்கப் போனவரை ராங் சைடில் வந்த வேன் அடித்துவிட்டது. செல்போனில் பேசிக்கொண்டே வந்தவன் நிற்காமல் ஓடிவிட்டானாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

புதுக்கோட்டை – மீமிசல் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். அண்ணன் சரியான முன்கோபி. சைடு கொடுக்காத லாரியைத் துரத்திப் போய் மறித்தவர்.

பிறகு புத்த மதத்துக்குப் போனார். டியூட்டி ஏறுமுன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார். "என்ன புத்தரே, வண்டிய எடுக்கலாமா?" என்று டெப்போவே கிண்டல் பண்ணும்.

தலைவலி எனக்குத்தான். கோபம் வந்தால் மனிதர் பஸ்ஸை ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கி நிற்பார்!

மீன்கூடைக்கார அம்மா கத்தும்: "ஏப்பா, மீனு நாறுது, வண்டிய எடுப்பா!" லேட் ஆனதற்குத் திட்டு வாங்குவது நான்... சே.

ஒருநாள் அறந்தாங்கியில் ஒரு குடிகாரன் என் சட்டையைப் பிடித்து, ஆத்தாளை இழுத்துத் திட்டினான். அண்ணன் வந்து அவன் கையை விலக்கி, கீழே இறக்கிவிட்டார். ஒரு அடிகூட அடிக்கவில்லை. வழக்கம்போல சாவியோடு போய் நின்றுகொண்டார்.

"நீங்கள்லாம் ஒரு மனுசனாண்ணே? சூடு சொரணையே இல்லையா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

கையை விரித்துக் காட்டினார். சாவி பதிந்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"கோவம் வராமயாடா இருக்கும்? வந்துச்சு. போகட்டும்னு நிக்கிறேன். அதுக்குள்ள வண்டிய எடுத்தா, ஓட்டுறது நான் இல்லடா."

அப்போதும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று, வேன்காரன் வீடு பொன்னமராவதிப் பக்கம் என்று தெரிந்ததும் அண்ணனின் மச்சினன்மார் கிளம்பிவிட்டார்கள். "போலீஸ் வர்றதுக்குள்ள நாம போயிரணும், ஏறுங்கடா!" நானும் பின்னாலேயே பைக்கை முறுக்கினேன். அவனை நாலு மிதி மிதிக்காமல் திரும்பக்கூடாது என்றுதான்...

பாதி வழியில் நிறுத்திவிட்டேன். சாவியை உருவிவிட்டேன்.

பெரிய மச்சினனுக்கு போன் போட்டேன். "திரும்புங்க மாப்ள, போலீஸ் பாத்துக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ரோட்டோரம் நின்றுதான் இதை டைப் பண்ணுகிறேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவி. கை வலிக்கிறது.

கோவம் இன்னும் எறங்கலண்ணே... எறங்கினதும் வண்டிய எடுத்துக்கிட்டு ஒங்களப் பாக்க வாரேன்.