கனடாவுக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம்

சுவிஸில், பீல் நகரத்து எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்னம்மா தன் கைக்குட்டையை விரித்தார். நீலப் பூப்போட்ட பருத்திக் கைக்குட்டை. நாலாய் மடித்து, கைப்பையின் சின்ன அறைக்குள் வைத்து, பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்திருந்தார். உள்ளே பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம், விளிம்புகூட உடையாமல் இருந்தது. "இந்தா புள்ள, உன்ட பங்கு. நீ வெளிய நிண்டுட்டாய். இல்லாமப் போயிடும் எண்டு நான் வாங்கி வந்தன்" என்றார். எனக்கு அப்போது பதினைந்து வயது. நற்கருணை என்றால் என்ன, அதைக் கையில் வாங்கினால் அங்கேயே உண்டுவிடவேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் மட்டக்களப்புக்காரர், பிள்ளையாரைக் கும்பிடுகிறவர். "ஐயோ, என்ன வேலை செய்துபோட்டீங்கள் சின்னம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில், அறைக்குள் படுத்திருந்த அப்பா எழும்பி வந்துவிட்டார்.

சின்னம்மா என் அப்பாவின் இரண்டாம் மனைவி. என்னைப் பெற்ற அம்மா எனக்கு ஒன்பது வயதில் நோயில் போய்விட்டார். சின்னம்மா வரும்போது எனக்குப் பதினொரு வயது. அவருக்கென்று பிள்ளைகள் பிறக்கவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கையில் எப்போதும் கிருமிநாசினி மணக்கும். அம்மா கத்தோலிக்கர், அவர் இருக்கும்போதே எனக்கு ஞானஸ்நானமும் முதல் நன்மையும், அதாவது முதல் நற்கருணையும், கொடுத்தாயிற்று. அம்மா போனபிறகு அப்பா தேவாலயத்துப் பக்கமே போகவில்லை. கடவுளோடு கோபம் என்றுதான் நினைக்கிறேன், அவர் வாயால் சொன்னதில்லை. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர் அவர். எங்கள் வீட்டில் கதைப்பதற்கென்று இருந்தது சின்னம்மா ஒருவர்தான். அதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னேனா? இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

பிறகு கனடாக் கதை வந்தது. பாடசாலையில் என்னைக் கீழ்ப்பிரிவில் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிய லேர, அதாவது ஏதாவது ஒரு தொழிற்பயிற்சி, அதற்குமேல் ஆசைப்படாதே என்று ஆசிரியை சிரித்த முகத்தோடு சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கனடாவில் இருந்த மாமி, அப்பாவின் தங்கை, அங்கத்தைய கத்தோலிக்கப் பாடசாலைகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், மேல்வகுப்பு முடித்தால் பல்கலைக்கழகம் வரைக்கும் போகலாம் என்று படிவங்களை அனுப்பினார். "பங்குச் சுவாமியிட்ட ஒரு நற்சாட்சிக் கடிதமும் வாங்கி வைச்சா நல்லது" என்று தொலைபேசியில் ஒரு சொல் போட்டும் விட்டார். அந்த ஒரு சொல்லைச் சின்னம்மா இறுகப் பிடித்துக்கொண்டார். கடிதம் இல்லாவிட்டால் கனடா இல்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நானும் அப்படியே நம்பினேன். எனக்கோ போயே ஆகவேண்டும். அந்த வகுப்பிலிருந்து, அந்த வீட்டின் மௌனத்திலிருந்து, உண்மையைச் சொன்னால் அவரிடமிருந்தும்.

ஆனபடியால் ஞாயிறு தவறாமல் பூசை. தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறைதான், அதற்கு வேறு ஊர்களுக்கும் போய்வரும் ஒரு ஃபாதர் வருவார், கடிதம் தரவேண்டியவரும் அவர்தான். மற்ற ஞாயிறுகளில் ஜெர்மன் பூசை. இரண்டுக்கும் சின்னம்மா என்னை இழுத்துக்கொண்டு போவார். சனிக்கிழமை இரவுவேலை முடித்து, விடியக் குளித்து, பொட்டை மட்டும் சின்னதாக்கி, கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்பதை முன்வரிசை ஆச்சிமாரைப் பார்த்துப் பழகினார். மூன்று மாதத்தில் மறுமொழிகள் எல்லாம் அவருக்குப் பாடம். எனக்கு இடையில் தடக்கினால் பக்கத்திலிருந்து மெல்ல எடுத்துக்கொடுப்பார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஞானஸ்நானம் பெற்றவள் நான், செபம் சொல்லித்தருகிறவர் விபூதி பூசுகிறவர்!

அப்பம் வீட்டுக்கு வந்த அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை. நான் நடுப்பூசையில் எழும்பி வெளியே போய்விட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்று கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நற்கருணைக்கு எல்லோரும் வரிசையாகப் போக, பின்வாங்கில் தனியே இருப்பது மரியாதையில்லை என்று சின்னம்மாவும் போயிருக்கிறார். ஃபாதர் கையில் வைத்துவிட்டார். ஏன் அதை உண்ணவில்லை என்று கேட்டபோது சின்னம்மா சொன்ன காரணத்தை என்னால் மறக்க முடியாது. "காலையில பழைய ஆட்டுக்கறி திண்ட வாய் புள்ள. மச்சம் திண்ட வாயால சாமிட சாப்பாட்டத் தொடலாமா?" கத்தோலிக்கர் ஒருவர் செய்யவே துணியாத காரியத்தை, அவர் பயபக்தியின் மிகுதியில் செய்திருந்தார்.

எனக்கு அவருடைய பக்தி முக்கியமாகப் படவில்லை. கடிதம் போய்விடும் என்பதுதான் கண்ணுக்குள் நின்றது. யாராவது பார்த்திருப்பார்கள், ஃபாதருக்குச் சொல்லியிருப்பார்கள், நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஆகிவிடும். அவர் கேட்பதற்கு முன்னம் நானே சொல்லிவிடுவது நல்லது என்று ஃபாதருக்குத் தொலைபேசி எடுத்தேன். சின்னம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உம்மோட ஒவ்வொரு முறையும் வாற அந்த அம்மாவோ? அவ உமக்கு ஆர்?" என்றார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்கூட மன்னிக்கலாம். "தெரிஞ்ச ஆள், ஃபாதர். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஆள். துணைக்கு வாறவ" என்றேன். தண்ணீர்க்குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எத்தனையோ வருடம் என்னை நானே ஏய்த்துக்கொண்டேன்.

பின்னேரமே ஃபாதர் வந்துவிட்டார். அப்பா அவசரமாகக் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்து கை கொடுத்தார். கூடத்துச் சுவரில் அப்பாவும் சின்னம்மாவும் மாலையோடு நிற்கும் கலியாணப் படம். ஃபாதர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஃபாதர் மேசையடியில் முழங்காலில் நின்று செபித்து, அப்பத்தைத் தானே உட்கொண்டார். கைக்குட்டையை உதறி, துகள் ஏதும் இல்லை என்று பார்த்தார். "தெரியாமச் செய்ததில ஒரு குற்றமும் இல்லை அம்மா. இனி வரிசையில வரேக்க கையைக் குறுக்கக் கட்டிக்கொண்டு வாங்கோ, நான் ஆசீர்வாதம் தாறன்" என்றார். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். ஃபாதரும் சின்னம்மாவும் சமையலறையில் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் சின்னம்மா கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வரிசையில் போனார், ஒரு நாளும் தவறவில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் வாசித்துச் சொல்வது நான்தான்; வரிக் கடிதமோ, வதிவிட அனுமதியோ, காப்புறுதியோ, எதுவானாலும். "ஃபாதர் என்ன எழுதியிருக்கார்? சொல்லு" என்று சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் வாசித்தேன். நல்ல பிள்ளை, படிப்பில் ஆர்வம், ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவள். நடுவில் ஒரு வரி இருந்தது: இந்தப் பிள்ளையை ஒவ்வொரு ஞாயிறும் இவருடைய தாயார் அழைத்துவந்தார், அப்படியொரு தாயின் வளர்ப்பே இவருக்கு முதல் நற்சாட்சி. அந்த வரியை நான் தாண்டிப் போனேன். ஏன் என்று எத்தனை தரம் என்னையே கேட்டிருக்கிறேன்! பொய் சொன்னவளுக்கு அந்த வரி கன்னத்தில் விழுந்த அறை, அது ஒன்று. செத்துப்போன அம்மாவின் இடத்தை ஒரு வெள்ளைத் தாளில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்களே என்கிற ஆத்திரம், அது இன்னொன்று. "அவ்வளவுதானா?" என்றார் சின்னம்மா. "ஓம், அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு நோட்டரி அலுவலகம். மாமியைக் கனடாவில் எனக்குப் பொறுப்பாளராக ஏற்கும் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கு ஒரு கோடு, தாய் பெயருக்கு ஒரு கோடு. தாய் காலமானவர் என்று எழுதினார்கள். எல்லாப் பத்திரங்களையும் வரிசைப்படி அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்த சின்னம்மாவுக்குக் கையெழுத்து வைக்க ஒரு இடமும் இருக்கவில்லை. என் குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

கனடாப் பாடசாலையில் முதல் வாரம், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பான பெண்மணி என் கோப்பைப் புரட்டிவிட்டு, இந்தக் கடிதம் நாங்கள் கேட்காததாயிற்றே, ஆனாலும் அழகான கடிதம் என்றார். கட்டாயம் இல்லையா என்று கேட்டேன். இல்லையாம். என் வகுப்பில் வியட்நாம், கொரியா, பிரேசில் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். பாதிப்பேர் சிலுவை அடையாளம் போடத் தெரியாதவர்கள். குஜராத்திப் பெண் ஒருத்தி சமய பாடத்தில் என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்தாள். அட கடவுளே, எதற்காக அந்தப் பாடு! சின்னம்மாவின் நித்திரை, அந்தக் கைக்குட்டை, என் பொய், எல்லாம் வீண். தொலைபேசியில் சின்னம்மா "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்பார். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

படித்தேன், திரும்பி வந்தேன், அதெல்லாம் நடந்தது. இப்போது சுவிஸிலேயே லோசான் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் அனுமதிப் பிரிவில் வேலை. நோயாளியோடு வருகிறவரிடம் நாள் முழுக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவருக்கு நீங்கள் யார்? மகன், மனைவி, அயலவர் என்று பதில் வரும், தட்டச்சு செய்வேன். ஒருநாள் இலையுதிர் காலத்தில் ஒரு வயோதிபர், பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி, பதில் சொல்லத் தெரியாமல் திணறினார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அன்றிலிருந்து ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் போட்டதைப் போட்டபடி எழும்பி நடப்பேன். அந்த வார முடிவிலேயே பீலுக்கு ரயில் எடுத்தேன்.

அப்பா போய் மூன்று வருடம். சின்னம்மா அதே வீட்டில் தனியே இருக்கிறார், அதே முதியோர் இல்லத்தில் வேலை. அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, கனடாப் பாடசாலையில் அந்தப் பெண்மணி சொன்னதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கடிதம் தேவையே இல்லை என்றதும், "அது எனக்குத் தெரியுமே" என்றார். "ஃபாதர் அண்டைக்கு வந்து இருந்து கதைக்கக்குள்ளயே சொல்லிட்டார்."

"பிறகு என்னத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் போனீங்கள்?"

"நீ அங்க தனியப் போற. மனசு சரியில்லாட்டி ஆரைக் கூப்பிடுவாய்? என்ட பிள்ளையார உனக்குப் பழக்கமில்ல. உன்ட அம்மாட சாமியாவது உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும் எண்டுதான்."

அழுகை வந்துவிட்டது. அந்த வரியையும் சொன்னேன். ஃபாதர் உங்களை என் தாய் என்று எழுதியிருந்தார், நான் வாசிக்காமல் விட்டேன் என்றேன். சின்னம்மா குளிர்ச்சட்டையின் ஸிப்பை மேலே இழுத்துக்கொண்டே சிரித்தார். "ஃபாதருக்கு என்ன, எழுதுவார். அவருக்கு நான் உன்ட அம்மா. உனக்குத்தானே தெரிஞ்ச ஆள்." சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "பஸ் வரப்போகுது. சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடு." கதவு சாத்தியது. நான் அந்தச் சமையலறையில் நின்ற இடத்திலேயே நின்றேன். அன்றைக்குக் குழாய்ச் சத்தத்துக்குள்ளும் கேட்டிருக்கிறது. இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அதன்பிறகு மூன்று கிழமை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். தொலைபேசி எடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் பீலுக்குப் போய், கட்டடத்து வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தினேன். பக்கத்தில் ஒரு சுவிஸ் கிழவர் தபால்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். சுவரிலிருந்த ஒலிபெருக்கிக்குள்ளால் கரகரவென்று கேட்டது: "ஆர்?"

என் பெயரைச் சொல்லத்தான் வாய் எடுத்தேன். "மகள்" என்றேன். "உங்கட மகள் வந்திருக்கிறன்."

உள்ளேயிருந்து அவர் கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினார். பூட்டு உறுமியது. கதவைத் தள்ளவேண்டும் என்பதே மறந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உறுமல் நின்று கதவு திரும்பப் பூட்டிக்கொண்டது. கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுபடியும் மணியை அழுத்தினேன்.

"ஆர்?" என்றார் சின்னம்மா, இரண்டாம் தரமும். குரலில் சிரிப்பு இருந்ததா, அழுகை இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வாசலில் நிற்பது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் இன்னும் உரத்துச் சொன்னேன்.