ஊசியக்காவும் படுக்காத நாயும்

'ஊசியக்கா' என்ற பெயரைக் கூடப்பிறந்த அக்காவே முதன்முதலில் கேட்டது போனில்தான். தங்கை வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டாளா என்று விசாரிக்க, அவள் வேலை பார்க்கிற நாய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்தவன் பெயரைக் கேட்டுவிட்டு, "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்றான். பிறகு அவனுக்கே உறைத்தது போல, "அட, நம்ம ஊசியக்காவா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். சாயங்காலம் தங்கை செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்து விழுந்தது.

"ஏண்டி, நீ அங்க ஊசி போடுறியா, துணி தைக்கிறியா?"

"போடுறது டாக்டரம்மா. பேரு மட்டும் எனக்கு."

"அப்ப நாய்ங்க உன்னைக் கண்டா ஓடுமே?"

"டாக்டரம்மாவைக் கண்டாதான் ஓடும். என் மடியில வந்து தலைய வச்சுக்கும்."

சும்மா சொல்லவில்லை. கணவர் போனபிறகு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவள், அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத்தான் வேலைக்குப் போனாள். ஒருநாள் யாருக்கும் அடங்காத நாய் ஒன்று துடைப்பமும் கையுமாக நின்றிருந்த இவள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. டாக்டரம்மா அந்த இடத்திலேயே குனிந்து ஊசியைப் போட்டு முடித்தாள். அதிலிருந்து எந்த நாய்க்கு ஊசி என்றாலும் பிடிக்க இவளைத்தான் கூப்பிடுவார்கள். பேரும் ஒட்டிக்கொண்டது.

பெரும்பாலும் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை ஆப்பரேஷன்தான். மயக்கம் வேறு, வலி வேறு என்று டாக்டரம்மா அவளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். மயங்கிக் கிடந்தாலும் உடம்பு வலியைக் கணக்கு வைத்துக்கொள்ளுமாம், விழித்ததும் மொத்தமாகக் கேட்குமாம். அதனால் கத்தி படுவதற்கு முன்பே வலி ஊசி போட்டுவிடுவார்கள். கிழிக்கப் போகிற இடத்தில் மரத்துப்போக மருந்து. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து சூல்பையை இழுத்துக் கட்டுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத நேரம். அதற்கு முன்னால் அங்கேயும் சில சொட்டு விடுவார்கள். ஊசியக்கா தலைமாட்டில் நின்று நெஞ்சுத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். துடிப்பு குதித்தால் "டாக்டரம்மா, ஓடுது" என்பாள். கத்தி நிற்கும், மருந்து ஏறும்.

ஒன்றை இறக்கினால் அடுத்ததை ஏற்ற வேண்டும். நடுவில் மேஜை துடைக்கணும், துண்டு அலசணும், குளிரில் நடுங்குகிறதுகளுக்குப் போர்த்திவிடணும். மதியத்துக்கு மேல் இடுப்பு தன்னுடையதா அடுத்தவருடையதா என்றே தெரியாது. வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவக்கூட அலுப்பாக இருக்கும். அந்த மருந்து வாசனையோடேயே தட்டுக்கு முன்னால் உட்காருவாள். அக்கா முகத்தைச் சுளிப்பாள், ஆனால் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுப்பாள்.

அந்த அக்காவிடம் ஒரு நாய் இருந்தது. நடைபாதையில் குறுக்கே படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரையும் தாண்ட வைக்கும், தான் மட்டும் அசையாது. மகாராணி என்று பெயர் வந்தது அப்படித்தான். இரண்டாம் தடவை குட்டி போட்டபோது மாடி வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். ஆப்பரேஷன் பண்ணிவிடலாம் என்று தங்கை சொல்லப்போக, அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"என்னை அறுத்தது போதாதா? அந்த வாயில்லாத ஜீவனையும் அறுக்கணுமா?"

அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்த ராத்திரி வலி தாங்காமல் கூப்பிட்டாளாம். "எல்லாரும் பொறுத்துக்கறாங்க, உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாளாம். அதன்பிறகு ஜுரமே வந்தாலும் அக்கா ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை.

"இது அந்த மாதிரி இடம் இல்லக்கா. வலிக்க விடமாட்டோம். நானே கூட இருந்து பாத்துக்கறேன்."

"உன் வார்த்தையை நம்பித்தான் அனுப்புறேன். அது துடிச்சுதுன்னு வையி, அப்புறம் நீ இந்த வீட்டுல என்கிட்ட பேசவே வேணாம்."

விளையாட்டுப் பேச்சில்லை. அக்கா சொன்னால் செய்கிறவள். அவள் பேசாவிட்டால் அந்த வீட்டில் பேச வேறு ஆளும் கிடையாது.

ஆப்பரேஷன் அன்றைக்கு அக்காவும் கூடவே வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று தாழ்வாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆப்பரேஷன் சுத்தமாக முடிந்தது. சூல்பை கட்டும்போது ஒரு தடவை துடிப்பு ஓடியது, மருந்து போட்டதும் அடங்கியது. நாயைத் தூக்கிக்கொண்டுபோய் பின்னறையில் கூண்டில் விட்டு, கம்பளி விரித்து, ஊசியக்கா அடுத்த நாய்க்கு ஓடினாள்.

முன்னால் போட்ட வலி ஊசியின் வேகம் குறைகிற நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் அவள் வேலைதான். இன்னொரு ஊசி வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் போட்டால் மூச்சு மந்தமாகும், ஆகவே பார்த்துத்தான் போடுவார்கள். இவள் கதவைத் திறந்தாளோ இல்லையோ, மகாராணி எழுந்து வாலை ஆட்டியது. தையலுக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல அழுத்தினாள். முனகவில்லை, கையை நக்கியது. அவளுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் டாக்டரம்மா, கையுறையை உருவிக்கொண்டே.

"ஜம்முனு இருக்கு. வேணாம்."

"நீங்க சொன்னா சரி."

இன்னொரு நாய் மேஜை ஏறியது. அது முடிவதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றாள். வரமாட்டேன் என்றவள், செருப்போடு உள்ளே வந்திருந்தாள்.

"அது படுக்கவே மாட்டேங்குதுடி."

"இப்பதானே பாத்தேன். வாலாட்டுச்சுக்கா."

"வந்து பாரு. உள்ள போகாதே. ஜன்னல் வழியா பாரு."

தாழ்வாரத்துப் பக்கம் பின்னறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். எப்போதும் துண்டு காயப்போட்டு மறைந்தே கிடக்கிற ஜன்னல். அக்கா அந்தத் துண்டை விலக்கி வைத்திருந்தாள். உள்ளே மகாராணி முதுகை வில்லாக வளைத்து, தலையைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. படுக்கப் போகும், பாதியில் நின்றுவிடும், திரும்ப எழுந்துகொள்ளும். பின்னங்கால் விடாமல் நடுங்கியது. எந்நேரமும் பாதையை அடைத்துப் படுத்துக் கிடக்கிற நாய்.

ஊசியக்கா ஜன்னல் ஓரமாக ஒதுங்கிப் பார்த்தாள். "என் எதிர்ல இப்படி நிக்கலக்கா."

"உன் எதிர்ல எப்படி நிக்கும்? உன்னைக் கண்டா அதுக்கு சந்தோஷம். நீ ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க வந்தப்ப நான் சிரிக்கல?"

சிரித்தாள்தான். தலையணையில் சாய்ந்துகொண்டு, சாப்பிட்டியா என்றுகூடக் கேட்டாள். வெளியே வரும்போது நர்ஸ், அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டதும், நல்லா சிரிச்சுப் பேசறாங்க என்று இவள்தான் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரிதான் அக்கா கூப்பிட்டதும் நர்ஸ் அப்படிச் சொன்னதும்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ பஸ்ஸுல நின்னுட்டே வந்திருந்த. முகம் செத்துக் கிடந்துச்சு. உன்கிட்ட போய் என்னத்த சொல்ல."

இவள் திரும்பி நடந்தாள். நேரே டாக்டரம்மாவிடம் போய், "நான் சொன்னது தப்புங்க, ஊசி வேணும்" என்றாள். டாக்டரம்மா ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள். மருந்தை ஊசியில் உறிஞ்சியவளும் அவள்தான், போட்டவளும் அவள்தான். ஊசியக்கா பிடிக்க உள்ளே போனபோது மகாராணி அந்த நடுக்கத்தோடேயே மறுபடி வாலை ஆட்டியது. "ஆட்டாதடி, போதும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் முதுகு தளர்ந்தது. கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. அக்காவும் தங்கையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூங்கிடுச்சா?"

"தூங்கிடுச்சு."

"நீயும் போய்க் கொஞ்சம் உக்காரு. நிக்க முடியாம நிக்கறே."

பேசவே வேணாம் என்று சொன்ன அக்கா பேசினாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஆறுதல். மற்றபடி ராத்திரி படுத்தும் கண் மூடவில்லை. இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து வாலாட்டின எத்தனை நாய்க்கு வேணாம் என்று சொல்லியிருப்போம் என்பதை எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டாள், இனிமேல் ஊசிக்குத் தான் பிடித்துக்கொடுத்த நாயைத் தானே போய்ப் பார்க்கிற வழக்கம் வேண்டாம் என்று. நாய்க்குத் தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே நின்று, அது தன் பாட்டுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தபிறகுதான் உள்ளே போவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு ஆள் எந்நேரமும் வேண்டும். இடுப்பும் முன்னைப்போல் இல்லாததால் அந்த வேலையை இவளே எடுத்துக்கொண்டாள். நாய் பிடிக்க வேறொருத்தி வந்தாள்.

இப்போது ஊசியக்கா அந்தத் தாழ்வாரத்தில், கண்ணாடி ஜன்னலுக்கு ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கடைசி நாய் படுத்தபிறகு அக்காவின் வீட்டுக்குப் போகிறாள்.