போறணைக்குள் ஒரு படுக்கை

லெபனானிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே றோசாலியின் தூக்கம் போய்விட்டது. பதினொரு வருடம் கழித்து, நமுனுகுல மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்ட லயத்தில் தன் சொந்தப் பாயில் படுத்தாள். அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. கூரைத் தகரத்தின் மேல் யாரோ மூட்டை மூட்டையாகச் சரளைக்கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் கணவன் றொபின்சன் குறட்டை விட்டான். மகள் றொஷேல் புரண்டுகூடப் படுக்கவில்லை. இந்தச் சத்தத்துக்குள்தான் பிறந்து வளர்ந்தோம் என்பதை றோசாலியால் நம்ப முடியவில்லை.

பெய்ரூத்தில் வீட்டுவேலைக்கு நின்ற இடத்தில் அவள் படுத்தது ஒரு சாமான் அறையில். பருப்பு மூட்டைகள், ஒலிவ் எண்ணெய்த் தகரங்கள், இஸ்திரி மேசை, அவளுடைய கட்டில். நூறு வருடத்துக்கு மேல் பழைய வீடு. அந்த அறையின் கூரைக்கு மட்டும் மரமும் கிடையாது, ஓடும் கிடையாது. இரண்டு பக்கத்துக் கற்சுவர்களும் மேலே போகப் போக வளைந்து, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, நடுவில் சேர்ந்துகொள்ளும். வெளியே எத்தனை மழை அடித்தாலும் ஈர வாசம்தான் உள்ளே வரும். காலையில் முற்றத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத்தான் மழை பெய்ததே தெரியும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், தான் விட்ட மூச்சு போய் அந்த வளைவைத் தொட்டுவிட்டு மெதுவாக முகத்துக்கே இறங்கி வருவது போலிருக்கும் அவளுக்கு.

அந்த வளைவுக்குப் பெயர் இருந்தது. பெயர்களைச் சொல்லித் தந்தது வீட்டுக்கார மதாம் நாதீன். மதாமுக்குக் கட்டிடக்கலை தொழில். படித்ததும் கனவு காண்பதும் பிரெஞ்சில். இங்கிலீஸ் மட்டும் நாக்கில் ஒட்டவில்லை. லண்டனில் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை வந்தபோது, தொழில் சொற்கள் எல்லாவற்றையும் இங்கிலீசில் சொல்லத் தெரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. கெட்டி மட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு பக்கம் படமும் பிரெஞ்சுச் சொல்லும், மறுபக்கம் இங்கிலீசும் எழுதினாள். றோசாலி இஸ்திரி போட்டபடியே இடது கையால் ஒவ்வொரு கார்டாகத் தூக்கிக் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற றோசாலிக்கு இங்கிலீஸ் எழுத்துக் கூட்டத் தெரியும். அதனால் திருத்துகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது.

வளைவின் உச்சியில் இருக்கிற கல் பிரெஞ்சில் க்ளே, இங்கிலீசில் கீஸ்டோன். அதெல்லாம் மதாமுக்கு வந்துவிட்டது. சாமான் அறைக் கூரையின் கார்டில்தான் தினமும் தவறினாள். பிரெஞ்சில் அதற்கு வூத் ஆன் பெர்ஸோ என்று பெயர். தொட்டிலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறதல்லவா, அதனால்.

"க்ரேடில் வோல்ட்" என்பாள் மதாம்.

"நோ மதாம். பெரல் வோல்ட்."

"பீப்பாயா?" மதாம் அரபும் பிரெஞ்சுமாகக் கத்துவாள். "அதுல வைன் அல்லவா வைப்பாங்க! பிள்ளை தூங்குற இடத்துக்கும் வைனுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்க, றோசா. அங்க போயா நான் வீடு கட்டப்போறேன்?"

போனாள். லெபனானில் வங்கிகள் மூடியபோது மதாம் லண்டனுக்கும் றோசாலி ஊருக்கும் ஒரே வாரத்தில் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் மதாம் அழுதாள். றோசாலிக்கு அழுகை வரவில்லை, பெட்டியின் பாரத்தைப் பற்றிய கவலைதான் இருந்தது. பெட்டிக்குள் ரப்பர் வளையம் போட்ட அந்தக் கார்டுக் கட்டும் இருந்தது.

ஊரில் அந்தச் சொற்கள் எதற்கும் உதவவில்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை கேட்டுப் போனபோது, என்ன இங்கிலீஸ் தெரியும் என்று முதலாளி கேட்டார். றோசாலி நேர்மையாகக் கீஸ்டோன், பெரல் வோல்ட், ரிப் வோல்ட் என்று சொன்னாள். முதலாளி அவளைத் துணி துவைக்கிற பகுதிக்கு அனுப்பினார். அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறாள்.

வந்த அடுத்த வருடம் றொபின்சன் போய்ச் சேர்ந்தான். பிறகு தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணித்துண்டு கிடைத்தது. மேட்டை வெட்டி எடுத்த இடம். ஒரு பக்கம் ஆளுயர மண்மேடு, மறுபக்கம் பாதையை நோக்கிய பள்ளம். அந்தப் பள்ளத்துப் பக்கம் ஒரு வராந்தா போடலாம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கலாம் என்று றொஷேல் நினைத்திருந்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது, முன்பள்ளியில் ரீச்சர்.

றோசாலி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீடு எப்படியும் இருக்கட்டும், ஓர் அறை மட்டும் மழை கேட்காமல் இருக்க வேண்டும். பெரல் வோல்ட் கார்டை எடுத்துக்கொண்டு பசறைக்குப் போய் யேசுரத்தினத்தைப் பார்த்தாள். பதுளை, பசறை, பண்டாரவளை என்று பேக்கரிகளுக்குப் பாண் சுடும் வளைகூரை அடுப்பான போறணை கட்டியே அறுபது வயதைத் தொட்ட மேசன் அவர். படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது போறணைதானே, தங்கச்சி?"

"ஆமாங்கண்ணே. கொஞ்சம் பெருசா. உள்ள கட்டில் போடணும்."

"போறணைக்குள்ள படுக்கப்போறியா?"

"ஆமா."

"நெருப்பு வைக்கணுமா, வேணாமா?"

"வேணாம்" என்றாள் றோசாலி, சிரிக்காமல். அவர் வருவதாக ஒப்புக்கொண்டார்.

யேசுரத்தினம் எந்தப் பகுதிக்கும் பெயர் தெரியாமலே நாற்பது வளைவு கட்டியவர். றோசாலிக்கு எல்லாப் பெயரும் தெரியும்; ஒரு வளைவுகூடக் கட்டிப் பார்த்ததில்லை. செங்கல்லைத் தாங்கப் பலகைச் சட்டம் செய்யப் போகிறார் என்று அவள் நினைத்திருக்க, அவர் மேட்டில் வெட்டிய மண்ணை அறைக்குள் கொட்டச் சொன்னார். சுவருக்கு நடுவே மண்ணை நிரப்பி, மிதித்து, மேலே வளைவின் வடிவத்தில் குவித்து, ஈர மணலால் வழவழவென்று தேய்த்துவிட வேண்டும். அதன் முதுகில் செங்கல் அடுக்கி, இறுகிய பிறகு மண்ணைக் கதவு வழியாக அள்ள வேண்டும். போறணைக்கு அப்படித்தான் செய்வாராம். இரண்டு வாரம் றோசாலியின் படுக்கையறை முழுக்க மண்ணாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பாதையில் நின்று பார்த்தார்கள்.

"றோசாலியக்கா, எப்ப பாண் போடுவீங்க?" என்று பக்கத்துக் காணிச் சந்திரகாந்தி கேட்டாள்.

"பாணா? பார்த்தா கல்லறையாட்டமில்ல இருக்கு" என்றது இன்னொரு குரல்.

"எடம் மிச்சமிருக்கு, நீங்களும் வரலாம்" என்றாள் றோசாலி, மண்கூடையை இறக்கியபடி.

செங்கல் பாதி உயரம் ஏறிய சனிக்கிழமை. தேநீருக்கு உட்கார்ந்தபோது றோசாலி சும்மா கார்டுகளைப் புரட்டினாள். பூஸே என்று ஒன்று வந்தது, மறுபக்கம் த்ரஸ்ட்; வளைவு தன்னைத் தாங்கும் சுவர்களை வெளியே தள்ளுகிற விசை. அதில் வளைவும் இரண்டு அம்புக்குறிகளும் மட்டும் இருந்தன. பெய்ரூத்தில் அந்தச் சொல்லைப் பழகும்போது மதாம் படத்தை நம்பவில்லை. இஸ்திரியை அணைக்கச் சொல்லி, றோசாலியின் உள்ளங்கைகளில் தன் உள்ளங்கைகளை வைத்து, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கால்களைப் பின்னால் தள்ளித் தள்ளி நின்றார்கள். மேலே கைகள் உறுதியாக இருந்தன. மார்பிள் தரையில் றோசாலியின் கால்தான் வழுக்கிக்கொண்டு போனது.

"றொஷேல், இங்க வா. கையை நீட்டு."

"என்னாம்மா வெளையாட்டு இது?"

"நீட்டுன்னா நீட்டு. சாய். இன்னும் சாய்."

றோசாலியின் குதிகால் மண்மேட்டில் முட்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் நின்ற றொஷேலின் ரப்பர் செருப்பு ஈர மண்ணில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் போனது. "அம்மா, விழப்போறேன்!"

யேசுரத்தினம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பள்ளத்துப் பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். "பேக்கரியில நாலு பக்கமும் மண்ணு போட்டு அமுக்கிருவோம், தங்கச்சி. இந்தப் பக்கம் ஒண்ணுமில்லையே. எனக்குத் தோணவே இல்ல பாரு." கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல நின்றார். "இங்க சுவரத் தாங்க ரெண்டு முட்டுச்சுவர் வேணும். நல்லாத் தடிப்பா."

முட்டுச்சுவர் வருகிற இடம் வராந்தா. அதற்கான செங்கல்லும் வராந்தாவுக்கு வைத்ததுதான்.

"உங்களுக்குப் படுக்க எடம் வேணும்னு நான் ஒக்காருற எடத்த எடுக்கறீங்க" என்றாள் றொஷேல்.

"இடிஞ்சு விழுந்தா ரெண்டு பேருக்கும் எடமில்ல."

"தகரம் போட்டா இடியுமா? ஊர்ல எல்லாரும் தகரத்துக்குக் கீழதான் தூங்குறாங்க. நானும்தான் தூங்குனேன். பதினோரு வருசம் அங்க நீங்க நல்லாத் தூங்குனீங்கல்ல, அது போதாதா?"

யேசுரத்தினம் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். றோசாலி நான்கு செங்கல்லை மார்போடு அணைத்துத் தூக்கி, பள்ளத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து இன்னும் நான்கு எடுத்தாள். அன்று மாலைவரை அப்படியே சுமந்தாள். றொஷேல் மூன்று நாள் தாயோடு பேசவில்லை. நான்காம் நாள், கட்டி முடித்த முட்டுச்சுவரின் உச்சியில் போனை வைத்தால் நாலு கோடு சிக்னல் வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மண் அள்ளும் நாள் வந்தது. பொதுவாக யேசுரத்தினம்தான் முதலில் உள்ளே நுழைவார். "நீங்க கட்டுனது, நான் படுக்கப்போறது" என்று றோசாலி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். கூடை கூடையாக மண் வெளியே போனது. தலைக்கு மேல் முதலில் ஒரு சாண் இடைவெளி, பிறகு ஒரு முழம், பிறகு நிமிர்ந்து நிற்கிற உயரம். வெட்டிய இடத்தில் வெளிச்சம் வராமல் இருட்டு வளர்ந்தது. குளிர்ந்த, ஈரமான, நன்கு தெரிந்த இருட்டு. அவள் மூச்சு மேலே போவது கேட்டது. முக்கால்வாசி மண் போனபோது டக்கென்று ஒரு சத்தம். உச்சியில், அறையின் நீளத்துக்கு, தலைமயிர் கனத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது.

யேசுரத்தினம் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வளைவு எடத்துல ஒக்காருதா, இல்ல வெலகுதான்னு இப்ப சொல்ல முடியாது. குறுக்க எதையாச்சும் ஒட்டணும். ரெண்டு கிழமை இருக்கட்டும். அசைஞ்சா அது கிழியும். கிழிஞ்சா இடிச்சிட்டுத் தகரம் போட்டுருவோம். மிச்ச மண்ண அள்ளிருவோம், ஆனா அதுவரைக்கும் யாரும் உள்ள படுக்கக் கூடாது."

றோசாலி ரப்பர் வளையத்தைக் கழற்றி, பூஸே என்ற கார்டை எடுத்து, கோதுமைமாப் பசை தடவி, ஏணியில் ஏறி அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒட்டினாள்.

அந்த இரண்டு வாரமும் பெய்தது. ஒவ்வொரு காலையும் வேலைக்கு இறங்குமுன் டார்ச் அடித்துப் பார்த்தாள். கார்டு கொஞ்சம் உப்பியது, மை பரவியது. ஒன்பதாம் நாள் ஓரம் பிய்ந்து தொங்கியது. ஏணியில் ஏறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த றொஷேல், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே ஏறினாள்.

"அம்மா, கரப்பான் பசையத் தின்னிருக்கு. நடுவுல ஒண்ணும் ஆகல."

"நல்லாப் பாரு."

"நகத்தால இழுத்துப் பாத்துட்டேன். முழுசா இருக்கு." இறங்கும்போது, "கரப்பானுக்கும் பிரெஞ்சு பிடிக்குது போல" என்றாள்.

கெடு முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யேசுரத்தினம் வந்து பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். கட்டிலைப் போட்டார்கள். பூசைக்குப் போய் வந்து, சோறு தின்று, கொடியில் துணி காயப்போட்டுவிட்டு, சும்மா பார்ப்போம் என்று றோசாலி படுத்தாள். தலைக்கு மேலே கார்டு மங்கலாகத் தெரிந்தது. அதன் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. இஸ்திரியின் சூட்டு வாசம் எங்கிருந்தோ வந்தது. யாரோ தொட்டில் என்றார்கள், யாரோ பீப்பாய் என்றார்கள்.

மூன்று மணிக்கு மலையிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. குடை இல்லாமல் ஓடிவந்த சந்திரகாந்தி முட்டுச்சுவர்களுக்கு நடுவே கட்டியிருந்த தார்ப்பாயின் கீழ் ஒதுங்கி, "றோசாலியக்கா!" என்று கூப்பிட்டாள். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த றொஷேல் விரலை வாயில் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குறாங்க."

விளக்கேற்றும் நேரத்தில் றோசாலி கண் விழித்தாள். கதவடியில் மகளின் நிழல் தெரிந்தது.

"மழை வரும் போல இருந்துச்சே?"

"வந்து, பெஞ்சு, விட்டு ரெண்டு மணித்தியாலம் ஆச்சு."

"ஐயோ, துணி! எடுத்தியா?"

"நான் எழும்பி நடந்தா சத்தத்துல நீங்க முழிச்சிருவீங்கன்னு எடுக்கல. பூரா நனைஞ்சிருச்சு."

றோசாலி எழ முழங்கையை ஊன்றினாள். மேலே பார்த்தாள். கார்டு அங்கேயே இருந்தது.

"நனையட்டும்" என்று திரும்பிப் படுத்தாள்.