பஸ் திரும்ப ஒரு மூலை

அக்கரை ஊரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். தபாலாபீஸ் அங்கே, நூலகம் அங்கே, குழாய்த் தண்ணீர் முதலில் வந்ததும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேல், ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் அங்கே வந்தது. நாங்கள் அதில் வந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாமிரபரணியில் முட்டளவு தண்ணீரில் நடந்துதான் வீடு சேர வேண்டும்.

அந்த பஸ் முதலில் எங்கள் ஊருக்குத்தான் வருவதாக இருந்தது. பஸ் திரும்ப இடமில்லை, உங்கள் களத்தில் ஒரு மூலையைக் கொடுங்கள் என்று ஊரார் அப்பாவிடம் கேட்டார்கள். "பஸ் வந்தா பொம்பளப் பிள்ளைய எல்லாம் டவுனுக்குப் படம் பாக்கக் கெளம்பிரும்வே" என்று அவர் மறுத்துவிட்டார். பஸ் அக்கரைக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் வாத்தியார். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, அதை மறைப்பானேன். அரக்குப் பட்டு உடுத்திக் காத்திருந்தேன். அடுப்படியில் அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள்.

விடாத மழையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அவர்கள் அக்கரையில் இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்தில்தான் என் ஒன்றுவிட்ட அத்தையின் வீடு. "மழையில நிக்காதிய, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தது அவள் மகள், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

ஆறு வடிந்ததும் அத்தை வந்தாள். "நாங்களா ஒண்ணும் கேக்கலண்ணே. அவுகளாத்தான் கேட்டு வந்தாவ" என்றாள்.

தையில் கல்யாணம். நானும் போனேன். பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அட்சதையைக் கொஞ்சம் வேகமாகவே எறிந்தேன், பாதி அவள் முகத்தில் பட்டது.

அந்த மாதமே, யாரும் கேட்காமல், அப்பா களத்தின் மூலையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். பங்குனியில் பஸ் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் புதுத் தம்பதிக்கு விருந்து வைத்தாயிற்று, எங்கள் வீடுதான் பாக்கி. அவர்களும் அந்த பஸ்ஸிலேயே வந்து களத்து மூலையில் இறங்கினார்கள். ஐப்பசியில் எடுத்துவைத்த அதே தட்டில் நான் காப்பி கொண்டுபோனேன்.

"ஆத்துல எறங்காம வீட்டுக்கிட்டயே வந்து எறங்கியாச்சு" என்றாள் அவள். "ஏன் மாமா, இந்த பஸ்ஸ அப்பமே விடச் சொல்லியிருக்கலாம்லா?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறவாசல் பக்கம் போய்விட்டார்.

அவள் புருஷன் காப்பியைக் குடித்து முடித்து, "நல்லா இருக்கு" என்றார்.

"இன்னும் கொஞ்சம் தரட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். அவளுடைய டம்ளரும் காலியாகத்தான் இருந்தது.