மரத்தூளுக்கு ஒரு குழாய்

என் வீட்டுக்காரர் பல வருஷம் கத்தாரில் தச்சு வேலை பார்த்தார். அத்தனை வருஷமும் அவரை நான் போனில்தான் பார்த்தேன். ஒரு வழியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சொந்த ஊரான மண்டபத்துக்கே வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, மரம் அறுக்கிற மிஷினும் தேய்க்கிற மிஷினும் வாங்கி வைத்தார். இனி ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. பல காலம் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தது, தேக்குத் தூள் பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் குழம்பு கொதிக்கும்போதே மூச்சு முட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொழிலை மாற்றுங்கள் என்றார். இரண்டும் எங்களால் முடியாது. அதனால் என்னை மாற்றினார்கள். வாலிநோக்கத்தில் இருக்கிற உம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே மூச்சு நன்றாக வந்தது. மற்றது எதுவும் நன்றாக இல்லை. அவர் கத்தாரில் இருந்தபோது ஏங்கியதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அப்போது நடுவில் கடல் இருந்தது, விசா இருந்தது, மனதுக்குச் சொல்லிக்கொள்ள ஏதோ ஒரு காரணம் இருந்தது. இப்போது ராமநாதபுரத்தில் பஸ் மாறினால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் போகக் கூடாது. மறுபடியும் அதே போன், அதே முகம். கண் இமையெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து, கல்யாணத்தன்று பார்த்த ஆளுக்கு வாப்பா மாதிரி இருப்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வருவார். குளித்து, துவைத்த சட்டை போட்டுத்தான் வருவார். ஆனாலும் காது மடலுக்குள் கொஞ்சம் தூள் ஒளிந்திருக்கும். அதைத் துடைத்துவிட எனக்குக் கை பரபரக்கும்.

"கிட்ட வராத புள்ள, அங்கனயே இரு" என்று வாசல் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு தள்ளி உட்காரவில்லை. அவர் போன பிறகு, முகம் துடைத்துப் போட்ட துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாசனைக்காக மற்ற நாளெல்லாம் காத்திருந்தேன். முகர்ந்த கையோடு தும்மலும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு யோசனையோடு வந்தார். கத்தாரில் வேலை பார்த்த பட்டறையில் மரம் தேய்க்கிற மிஷினோடு ஒரு வாக்குவம் கிளீனரைக் குழாய் போட்டு இணைத்திருப்பார்களாம். தூள் பறக்கிறதுக்கு முன்னாலேயே அது உறிஞ்சிக்கொள்ளுமாம்.

"நம்ம கொட்டகையிலயும் போட்டுப் பாக்குறேன். சரியா வந்துச்சுன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தொழுகைக்குத் தொழுகை ஒரு மிஷினுக்காக துஆ கேட்டேன்.

பெரிய வாக்குவம் ஒன்று வாங்கினார். அதன் குழாய் பருமன், தேய்க்கிற மிஷினின் வாய் சிறிசு. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, வலை கட்டுகிற நைலான் நூலால் இறுக்கினார். கொஞ்ச நேரம் நன்றாக உறிஞ்சியது. பிறகு உள்ளே இருக்கிற வடிகட்டியில் தூள் அப்பிக்கொண்டு சோர்ந்து போய்விட்டது. நடுவில் ஒரு டிரம் வைத்தால் கனமான தூளெல்லாம் அதற்குள் விழுந்துவிடும், பொடித் தூள் மட்டும்தான் வாக்குவத்துக்குப் போகும் என்று யாரோ சொன்னார்கள். மனிதர் நேரே துறைமுகத்துக்குப் போய், மூடி இறுக்கமாக இருந்த ஒரு நீல டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மிஷினை ஓட்டிக் காட்டினார். தூள் துளிகூடப் பறக்கவில்லை. ஆனால் டிரம்முக்குப் பக்கத்தில் இரண்டு பூனைகள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"பூனை எதுக்குங்க அங்கன வந்து உக்காந்திருக்கு?"

"தெரியலயே. காலையில இருந்து போக மாட்டேங்குது."

"அந்த டிரம்முல முன்னாடி என்ன வச்சிருந்தாங்க?"

"கருவாடுதான். அதான் கழுவிட்டேன்ல?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கருவாட்டு நாற்றம் ஒரு நாற்றமாகவே தெரியாது. கட்டில் செய்யச் சொல்லியிருந்த மதுரைக்காரர் வந்து மூக்கைப் பொத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாக்குவம் காற்றை வெளியே தள்ளும்போது வாசனையையும் சேர்த்துக் கொட்டகை முழுக்கப் பரப்பியிருக்கிறது. டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்தார். வாக்குவத்தைக் கொட்டகைக்கு வெளியே வைத்து, சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை விட்டார். பூனைகள் மனசில்லாமல் கிளம்பிப் போயின. நான் போனில் சிரித்தேன். வைத்ததும் அழுதேன். அந்த டிரம் என்னிக்குக் காய்ந்து, நான் என்னிக்கு வீட்டுக்குப் போவது?

கடைசியில் ஒரு நாள், "வந்து ஒரு பொழுது இருந்து பாரு. முடியலன்னா சாயங்காலமே கொண்டாந்து விட்டுர்றேன்" என்று கூப்பிட்டார்.

போனேன். கொட்டகைக்குள் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். மூச்சுக்கு இழுக்கிற மருந்து பம்பைக் கைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பலகையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரே இரைச்சல். பலகையைப் பார்ப்பதை விட்டு அவர் என்னையே பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். நான் மூச்சை இழுத்து விட்டேன். மறுபடி இழுத்து விட்டேன். நெஞ்சுக்குள் விசில் வரவில்லை. மரத்தின் வாசனை லேசாக வந்தது, அவ்வளவுதான்.

பலகையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மிஷினை நிறுத்தி, எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தேன். தள்ளிப் போகவில்லை.

"ஒருவேளை இது சரியா உறிஞ்சலன்னா என்ன புள்ள செஞ்சிருப்ப?"

"கிளம்பும்போதே உம்மாட்ட சொல்லிட்டுத்தாங்க வந்தேன். மிஷின் வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் நான் திரும்பி வர மாட்டேன்னு."

அவர் எழுந்து போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மிஷினைப் போட்டார். தேய்க்க மேசையில் பலகையே இல்லை. அந்த இரைச்சலில் அழுதால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார், பாவம்.